சைபர் காவலுக்குத் தரும் பணம் எங்கே போய்ச் சேர வேண்டும்?

2024ஆம் ஆண்டில் இணையவழி மோசடிகளில் இந்தியர்கள் பறிகொடுத்த தொகை 22,845 கோடி ரூபாய். ஒன்றிய உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் வைத்த கணக்கு இது. அதற்கு முந்தைய ஆண்டில் 7,465 கோடி. இந்தத் தொகைக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்க்க வேண்டும். சைபர் தடயவியல் பயிற்சி ஆய்வகங்கள் அமைக்கவும், இளநிலை ஆலோசகர்களை அமர்த்தவும், காவலர்களுக்குப் பயிற்சி தரவும், பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கு எதிரான சைபர் குற்றத் தடுப்புத் திட்டத்தில் மாநிலங்களுக்கு ஒன்றிய அரசு கொடுத்தது 131.60 கோடி. மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களுமாக 33 இடங்களில் ஆய்வகங்கள் வந்திருக்கின்றன. பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் சுமார் நான்கு கோடி. 2024இன் இழப்பை நாள்கணக்கில் பிரித்தால், நாடு முழுவதற்கும் கொடுத்த இந்தப் பணம் இரண்டு நாள் இழப்புக்குச் சமம். இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையத்துக்கு 2018இல் ஒப்புதலான 415.86 கோடியும் ஒரு வார இழப்பை எட்டவில்லை.

இந்தக் கணக்கைப் பார்க்கும்போது கோபம் வருகிறது. ஆனால் கோபத்தை வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. காவல் துறை அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் இருப்பது. சம்பளம், வாகனம், கட்டடம் எல்லாம் மாநிலங்களின் வரவுசெலவில் போகின்றன. அவற்றை மேலே சொன்ன தொகைகள் காட்டாது. இழப்பு பெரிது, ஆகவே ஒதுக்கீடும் பெரிதாக வேண்டும் என்பதும் அரைகுறை வாதம்தான். கொடுத்த பணம் எதுவாக மாறியது, எது பலன் தந்தது, எது தரவில்லை என்று பிரித்துப் பார்த்த பிறகே அடுத்த ரூபாயைப் பற்றிப் பேச முடியும்.

ஒரு சைபர் குற்றப்பிரிவுக்கு மூன்று வேலைகள். போய்க்கொண்டிருக்கும் பணத்தை வழியில் நிறுத்துவது ஒன்று. குற்றவாளியைக் கண்டுபிடித்து நீதிமன்றத்தில் நிறுத்தித் தண்டனை வாங்குவது இரண்டாவது. மூன்றாவது பணத்தோடு தொடர்பில்லாதது: படத்தைக் காட்டி மிரட்டப்படும் பெண்ணையும், இணையத்தில் வேட்டையாடப்படும் குழந்தையையும் காப்பது. நம் நாட்டில் வளங்கள் இந்த மூன்றுக்கும் சமமாகப் போய்ச் சேரவில்லை.

முதல் வேலையில் நடந்திருக்கும் முன்னேற்றத்தை மனம் திறந்து பாராட்ட வேண்டும். 2021 ஏப்ரலில் 155260 என்ற எண்ணோடு தொடங்கிய உதவித் தொலைபேசி பிறகு 1930 ஆனது. பணம் போனதும் அந்த எண்ணை அழைத்தால், விவரம் நேரடியாக வங்கிகளின் மேசைக்குப் போகிறது. பணம் எந்தக் கணக்கில் விழுந்திருக்கிறதோ அங்கே முடக்கலாம். அடுத்த கணக்குக்குத் தாவியிருந்தால் அந்த வங்கிக்குத் தகவல் நகர்கிறது. முன்பு இதே வேலைக்கு ஆய்வாளர் கடிதம் எழுதி, கிளை மேலாளர் தலைமையகத்தைக் கேட்டு, பதில் வருவதற்குள் பணம் ஏடிஎம் வழியாக வெளியே போயிருக்கும். நாட்கணக்கில் இருந்த வேலையை நிமிடக்கணக்குக்குக் கொண்டுவந்த ஏற்பாடு இது. இதற்காகச் செலவழித்த பணத்தை வீண் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் இதன் வெற்றியை அரசு சொல்லும் விதத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. தொடக்கத்திலிருந்து 2025இன் நடுப்பகுதி வரை 17.82 லட்சம் புகார்களில் 5,489 கோடி ரூபாய் ‘காப்பாற்றப்பட்டது’ என்பது அரசின் கணக்கு. நான்காண்டுக்கு மேல் காப்பாற்றிய தொகை, 2024 என்ற ஓராண்டு இழப்பில் கால் பங்கைக்கூட எட்டவில்லை. தவிர, முடக்கப்பட்ட பணம் என்பது பறிகொடுத்தவர் கைக்கு வந்த பணம் அல்ல. அது ஏதோ ஒரு வங்கியில், ஏதோ ஒரு கணக்கில் அசையாமல் இருக்கிறது. திரும்பப் பெறப் பெரும்பாலும் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். ஓய்வூதியப் பணத்தைப் பறிகொடுத்த ஆசிரியருக்கு வழக்கறிஞர் செலவும் அலைச்சலும் அதற்குமேல். முடக்கிய தொகையும் திருப்பிக் கொடுத்த தொகையும் தனித்தனியே வெளியிடப்பட்டால்தான் இந்த முதல் வேலையின் தரம் தெரியும்.

இனி இரண்டாவது வேலை. உண்மையான பற்றாக்குறை இங்கேதான் இருக்கிறது.

2023இல் தேசியப் புகார் தளத்துக்கு வந்த புகார்கள் 15.96 லட்சம். அதே ஆண்டில் நாடு முழுவதும் பதிவான சைபர் குற்ற வழக்குகள், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 86,420. ஒரே வழக்கில் பல புகார்கள் சேர்ந்திருக்கலாம். சில புகார்கள் குற்றமாகவே நிற்காமல் போகலாம். நேர்க்கணக்கில் நூறு புகாருக்கு ஐந்தோ ஆறோ வழக்குதான்; அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி பெரிதாகவே இருக்கும். மற்றவர்களுக்குக் கையில் கிடைப்பது ஒப்புகை எண். நம் ஊரில் சி.எஸ்.ஆர். ரசீது. முதல் தகவல் அறிக்கை இல்லாத புகாரில் விசாரணையே தொடங்காது. இதே ஆவணத்தில் கர்நாடகமும் (21,889) தெலங்கானாவும் (18,236) முன்னணியில் இருப்பதைக் காட்டி அவற்றை மோசமான மாநிலங்கள் என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. அது தவறான வாசிப்பு. அங்கே வழக்குப் பதிவது அதிகம் என்பதற்கும் அந்த எண்கள் சாட்சி. பதியாமல் இருப்பதால் குறைவாகத் தெரியும் மாநிலத்தைப் பாராட்டினால், பதிவதற்குத் தண்டனை கொடுத்ததாகிவிடும்.

ஏன் பதிவதில்லை? பதிந்தால் விசாரிக்க வேண்டும். விசாரிக்கச் சட்டம் அனுமதிப்பது யாரை என்று பார்த்தால் பாதி விடை கிடைக்கும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 78ஆம் பிரிவு 2000இல் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி வேண்டும் என்றது. 2008 திருத்தம் அதை ஆய்வாளர் என்று இறக்கியது. 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இன்றும் உதவி ஆய்வாளர் அந்தச் சட்டத்தின் குற்றத்தை விசாரிக்க முடியாது. கணினி பற்றித் தெரிந்தவர்கள் மேல் அதிகாரிகளில்தான் இருப்பார்கள் என்று நம்பிய காலத்து விதி அது. இன்று நிலைமை தலைகீழ். பொறியியல் படித்துவிட்டுக் காவலராகச் சேர்ந்த இளைஞர்கள் தமிழ்நாட்டு நிலையங்களில் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் கண்டுபிடித்துக் கொடுப்பதில் ஆய்வாளர் கையெழுத்துப் போடுகிறார். ஒரு நிலையத்தில் ஆயிரம் புகார் வந்தாலும் கையெழுத்துப் போடும் கை ஒன்றோ இரண்டோதான்.

இந்தப் பிரிவை அடியோடு நீக்கி எல்லா உதவி ஆய்வாளர்களுக்கும் அதிகாரம் கொடுக்கலாம் என்பது ஒரு யோசனை. நான் அதை ஏற்கவில்லை. பயிற்சியில்லாத கை கைப்பேசியைக் கைப்பற்றி, அணைக்க வேண்டியதை அணைக்காமல், அணைக்கக் கூடாததை அணைத்துவிட்டால் சாட்சியம் அங்கேயே சாகிறது. பதவியை அளவுகோலாக வைக்கும் சட்டத்தை மாற்றி, தேர்ச்சியை அளவுகோலாக வைக்க வேண்டும். குறிப்பிட்ட பயிற்சியை முடித்துத் தேர்வில் வென்ற உதவி ஆய்வாளர் விசாரிக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தால், புதுக் கட்டடம் எதுவும் இல்லாமலே விசாரணை அதிகாரிகளின் எண்ணிக்கை பெருகும். பணமே செலவாகாத வள ஒதுக்கீடு இது.

அடுத்தது இடமாற்றம். தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும், மாநகரக் காவல் ஆணையரகங்களிலும் சைபர் குற்றக் காவல் நிலையங்கள் இருக்கின்றன. மேலே கூடுதல் டி.ஜி.பி. தலைமையில் தனிப் பிரிவும் இருக்கிறது. அமைப்பைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அந்த நிலையத்தில் உட்கார்ந்திருப்பவர் எத்தனை ஆண்டு அங்கே இருக்கிறார்? பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் நிலையப் பொறுப்பு அதிகாரிக்குக் குறைந்தது இரண்டாண்டு என்றது. சாதாரண நிலையத்துக்கே அது குறைந்தபட்சம். சைபர் விசாரணையில் முதல் ஆண்டு முழுக்கக் கற்பதிலேயே போகும்: எந்த வங்கி எந்த வடிவில் பதில் தரும், எந்த நிறுவனம் இணைய முகவரிப் பதிவை எத்தனை நாள் வைத்திருக்கும், வெளிமாநிலத்தில் யாரைக் கூப்பிட்டால் வேலை நடக்கும். இரண்டாவது ஆண்டில் கை பழகும்போது மாறுதல் ஆணை வருகிறது, அல்லது பதவி உயர்வு வருகிறது. பயிற்சிக்குச் செலவழித்த பணம் சட்டம் ஒழுங்கு நிலையத்துக்கோ போக்குவரத்துக்கோ போய்விடுகிறது. தேர்த் திருவிழா, தலைவர் வருகை, கட்சிப் பேரணி என்றால் பந்தோபஸ்துக்கும் ஆள் போக வேண்டும். ஆயிரக்கணக்கானோருக்குப் பயிற்சி கொடுத்தோம் என்று அறிக்கைகள் சொல்கின்றன. பயிற்சி பெற்றவர்களில் எத்தனை பேர் இன்னும் அதே வேலையில் இருக்கிறார்கள் என்பதைக் கேட்க வேண்டும்.

ஒரு வழக்கு உண்மையில் கேட்பது என்ன என்று பார்த்தால் இது விளங்கும். 2004இல் சென்னை சைபர் கிரைம் பிரிவு, ஒரு பெண்ணைப் பற்றி யாகூ குழுமத்தில் ஆபாசச் செய்தி பரப்பியவரை மும்பையில் பிடித்தது. புகார் வந்து ஏழு மாதங்களில் எழும்பூர் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் நாட்டின் ஆரம்பகாலத் தண்டனைகளில் முக்கியமானது அது. ஒரு சிறிய பிரிவு சாதித்தது; ஆனால் அன்று குற்றவாளி ஒருவர், பாதிக்கப்பட்டவர் ஒருவர், தடம் ஒன்றே.

இன்று திண்டுக்கல்லில் ஒருவர் பணத்தைப் பறிகொடுக்கிறார். முதல் கணக்கு ராஜஸ்தானில் கமிஷனுக்காகக் கொடுக்கப்பட்ட வாடகைக் கணக்கு. அங்கிருந்து அசாம், பிறகு வங்காளத்தில் காசோலையாக எடுக்கப்படுகிறது. பேசியவர் கம்போடியாவிலோ மியான்மரிலோ அடைத்துவைக்கப்பட்டிருக்கும் ஓர் இளைஞர். அவரே வேலை என்று ஏமாற்றி அழைத்துச் செல்லப்பட்டவராக இருக்கலாம். 2022இல் மியான்மரின் மியாவாடி பகுதியிலிருந்து மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். எல்லை கடந்து சாட்சியம் கேட்க வழிசெய்யும் புடாபெஸ்ட் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை; இரு நாட்டு ஒப்பந்தங்களின் வழியே கடிதம் போய்வர மாதங்கள் ஆகும். உள்நாட்டுத் தடத்தைப் பிடிக்கவே ஓர் உதவி ஆய்வாளரும் இரண்டு மூன்று காவலர்களும் வாரக்கணக்கில் வெளிமாநிலம் போக வேண்டும். பயண முன்பணம், மொழி தெரிந்த ஆள், உள்ளூர் காவலின் ஒத்துழைப்பு எல்லாம் வேண்டும். இழப்பு நாற்பதாயிரம் என்றால், விசாரணைச் செலவு அதைவிடக் கூடுதல்.

அப்படியானால் நாற்பதாயிரத்தை விட்டுவிடலாமா? முடியாது. நாற்பதாயிரம் பறிகொடுத்தவருக்கு அது ஆறு மாத வாடகை. ஒரு புகாராகப் பார்த்தால்தான் செலவு கட்டுப்படியாகாது. அதே வாடகைக் கணக்கு, அதே சிம் கார்டு எண், அதே கைப்பேசிக் கருவி நூறு புகார்களில் தலைகாட்டும். சேர்த்து முடிச்சுப் போட்டால் அது நாற்பது லட்ச வழக்கு. இந்த முடிச்சைப் போட ஒன்றிய மையத்தின் ‘சமன்வயா’, ‘பிரதிபிம்ப்’ போன்ற தளங்கள் இருக்கின்றன. அவற்றின் முன்னே உட்கார்ந்து இரவும் பகலும் ஒப்பிட்டுப் பார்க்கும் பகுப்பாய்வாளர்தான் நிலையங்களில் இல்லை. மாவட்டத்துக்கு ஒரு நிலையம் என்ற ஏற்பாடு பாதிக்கப்பட்டவருக்கு அருகில் ஒரு கதவைத் திறந்துவைக்கிறது. அதன் நன்மை அந்த அளவு. குற்றம் மாவட்ட எல்லைப்படி நடப்பதில்லை. புகாரை மாவட்டம் வாங்கட்டும். விசாரணையைக் குற்றக் கும்பல்வாரியாக மண்டல அணிகள் நடத்தட்டும். 2025 மே மாதம் டெல்லியில் சோதனையாகத் தொடங்கிய தானியங்கி ‘இ-ஜீரோ’ முதல் தகவல் அறிக்கை பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இழப்புகளோடு தொடங்கியது. தொடக்கத்துக்கு அது சரி. தொகையை எல்லையாக வைப்பதே நிரந்தரமானால், ஏழையின் இழப்பு சட்டத்தின் கண்ணில் குற்றமாகவே தெரியாது.

ஆய்வகத்தின் நிலை இன்னும் கடினம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழை இரண்டு பகுதிகளாக்கி, இரண்டாவதில் வல்லுநர் கையெழுத்தைக் கேட்கிறது. புதிய நடைமுறைச் சட்டம் ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் வல்லுநர் நேரில் போக வேண்டும் என்கிறது. மாநிலங்கள் நடைமுறைப்படுத்த ஐந்தாண்டு அவகாசம் உண்டு. இரண்டும் நல்ல நோக்கமுள்ளவை. சான்றிதழ் கட்டாயம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியதும் சரியே. மின்னணு சாட்சியத்தை மாற்றுவது எளிது. ஆனால் சட்டம் கூட்டிய வேலைக்கு ஈடாக வல்லுநர் பணியிடங்கள் கூடவில்லை என்றால், சட்டமே வரிசையை நீட்டுகிறது. கொலை வழக்கின் கைப்பேசியும் மோசடி வழக்கின் மடிக்கணினியும் ஒரே மேசையில் காத்திருக்கும். கொலை வழக்குதான் முதலில் போகும், போகவும் வேண்டும். கருவி வாங்குவது ஒருமுறைச் செலவு என்று நினைப்பதும் தவறு. கைப்பேசியைத் திறந்து பிரதி எடுக்கும் மென்பொருளுக்கு ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் புதிய கைப்பேசி மாடல்களை அது திறக்காது. திறப்பு விழாவுக்குப் பணம் இருந்து, மூன்றாம் ஆண்டின் உரிமத்துக்கு இல்லாமல் போனால் அந்த ஆய்வகம் பெயருக்குத்தான்.

சிறப்புப் பிரிவை அமைத்துவிட்டுக் கலைத்தால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டன் தெளிவான சான்று. அங்கே 2001இல் தேசிய உயர்தொழில்நுட்பக் குற்றப்பிரிவு தொடங்கியது. 2006இல் அதைப் புதிதாக உருவான பெருங்குற்ற அமைப்புக்குள் கரைத்தார்கள். பெரிய கும்பல்களைத் துரத்துவது அந்த அமைப்பின் வேலை. சாதாரண நிறுவனமும் தனிமனிதரும் உள்ளூர்க் காவலைத் தேடிப் போனார்கள். அங்கே விஷயம் தெரிந்த ஆள் இல்லை. 2007 ஏப்ரலிலிருந்து அட்டை மோசடியை முதலில் வங்கியிடமே சொல்ல வேண்டும் என்று வேறு ஏற்பாடு வந்தது. மேலவையின் அறிவியல் தொழில்நுட்பக் குழு அதே ஆண்டு அறிக்கையில் இதைக் கண்டித்தது. கரைத்த இரண்டே ஆண்டில், 2008இல், உள்துறையிலிருந்து 35 லட்சம் பவுண்டும் லண்டன் மாநகரக் காவலிலிருந்து 39 லட்சம் பவுண்டும் சேர்த்து மூன்றாண்டுக்கு ஒரு புதிய மையப் பிரிவைத் தொடங்கினார்கள். கலைத்ததையே திரும்பக் கட்டினார்கள். இடையில் பயிற்சி பெற்றவர்கள் சிதறியதுதான் மிச்சம். அந்தப் பிரிவு பிற்காலத்தில் நூறு கோடி பவுண்டுக்கு மேல் தீங்கைத் தடுத்ததாகக் கணக்குக் காட்டியது. நடக்காத தீங்கின் மதிப்பை வெளியிலிருந்து யாரும் சரிபார்க்க முடியாது. அந்தக் கணக்கைக் காட்டித்தான் நிதி வாங்க முடியும் என்றால், பிரிவின் கண் பெரிய தொகைகளிலேயே இருக்கும். 2014இல் அந்நாட்டுக் காவல் ஆய்வு அமைப்பு பார்த்தபோது சைபர் குற்றத்துக்கு முழுமையான திட்டம் வைத்திருந்த காவல் படைகள் மூன்றுதான். மையம் வலுப்பட்டும் விளிம்பு வலுப்படவில்லை.

பணம் போக வேண்டிய இடம் காவலே அல்ல என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வாதத்தை இலேசாகத் தள்ள முடியாது. வாடகைக் கணக்கைத் திறந்துவிடுவது வங்கி. ஆயிரம் சிம் கார்டை ஒரே கையில் விற்பது தொலைத்தொடர்பு நிறுவனத்தின் முகவர். இந்த நிறுவனங்களின் சட்டைப்பையைத் தொட்டால் குற்றம் தானே குறையும் என்பது அப்படிச் சொல்பவர்களின் கணிப்பு. பிரிட்டன் 2024 அக்டோபரிலிருந்து, ஏமாற்றப்பட்டுத் தானே அனுப்பிய பணத்தையும் 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும், அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப் பாதி என்று விதித்தது. நம் ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்றால் புகார் தரும்வரையான இழப்பை அவர் தலையிலேயே வைத்தது. பெற்ற வங்கிக்கு வலிக்காத வரை அது கணக்குத் திறப்பதில் கண்டிப்பு காட்டாது. இந்த வாதத்தின் முக்கால் பங்கை நான் ஏற்கிறேன். மோசடியைக் குறைக்க அடுத்த நூறு கோடியைவிட ஒரு பொறுப்பு விதி அதிகம் சாதிக்கும்.

மீதிக் கால் பங்கில்தான் மூன்றாவது வேலை இருக்கிறது. வங்கி எதுவும் அந்தப் பெண்ணின் படத்தை இணையத்திலிருந்து எடுக்காது. குழந்தைகளின் பாலியல் படங்கள் பரவுவது பற்றிய தகவல்கள், 2019இல் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, அமெரிக்க மையம் ஒன்றிலிருந்து குற்ற ஆவணக் காப்பகத்துக்கும் அங்கிருந்து மாநிலங்களுக்கும் வருகின்றன. ஒவ்வொரு தகவலுக்குப் பின்னாலும் இன்னும் அடையாளம் தெரியாத ஒரு குழந்தை இருக்கக்கூடும். இதில் ‘காப்பாற்றிய கோடி’ எதுவும் கிடையாது. ரூபாயில் அளந்தால் இந்த வேலைக்கு ஆளே வைக்க மாட்டார்கள். மாநில ஆய்வகங்களுக்கான பணம் பெண்கள், குழந்தைகள் பெயரிலான திட்டத்திலிருந்து வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆய்வக நேரத்தில் எவ்வளவு அவர்களுக்குப் போகிறது என்று கேட்கும் உரிமை அதனாலேயே நமக்கு உண்டு.

ஆள் பற்றாக்குறைக்கு இன்னொரு முகமும் உண்டு. காவலர் போல வீடியோ அழைப்பில் மிரட்டிப் பணம் பறிக்கும் ‘டிஜிட்டல் கைது’ மோசடிகளை விசாரிக்க 2025 டிசம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சி.பி.ஐ.க்கு உத்தரவிட்டது. மாநில எல்லைகளைக் கடக்கும் குற்றத்துக்கு அது தேவையே. ஆனால் சி.பி.ஐ.யின் அதிகாரிகளில் பலர் மாநிலங்களிலிருந்து அயல்பணியில் போகிறவர்கள். தேர்ந்த ஐந்து பேரை மேலே எடுத்தால் கீழே ஐந்து இடம் காலியாகும்.

என் தீர்ப்பு இது. 1930 ஏற்பாட்டுக்குக் கேட்கும் பணத்தைக் கொடுக்கலாம். திருப்பிக் கொடுத்த தொகையை மாவட்டவாரியாக வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. புதிய சைபர் நிலையங்களுக்கும் புதிய ஆய்வகக் கட்டடங்களுக்கும் இப்போதைக்கு ஒரு ரூபாயும் வேண்டாம், இருப்பவை இருக்கட்டும். அந்தப் பணம் ஐந்தாண்டு மாற்ற முடியாத விசாரணைப் பணியிடங்களுக்கும், அதே பிரிவுக்குள்ளேயே பதவி உயர்வு பெறும் வழிக்கும், காவல் சீருடை இல்லாத பகுப்பாய்வாளர்களுக்கும், ஆய்வக வல்லுநர்களுக்கும், உரிமப் புதுப்பிப்புக்கும் போகட்டும். ஐந்தாண்டு நிலைப்பை ஏற்காத மாநிலத்துக்குப் பயிற்சி நிதியை நிறுத்துவதும் நியாயமே. பயிற்சி பெற்றவரை மறுவருடமே மாற்றிவிடும் இடத்தில் அந்த நிதி நிற்பதில்லை. படங்களைக் காட்டி மிரட்டும் குற்றங்களுக்கும் குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களுக்கும் ஆய்வக நேரத்தில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்கி, மோசடி வழக்குகள் அதைத் தொடாமல் காக்க வேண்டும்.

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் ஆண்டுதோறும் காவல் துறை மானியக் கோரிக்கையோடு ஒரு கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கப்படுகிறது. அடுத்த குறிப்பில் சைபர் பிரிவுக்கான பக்கத்தில் விசாரணை அதிகாரிகள் சராசரியாக எத்தனை மாதம் அந்த இருக்கையில் இருந்தார்கள், வந்த புகார்களில் எத்தனை குற்றப்பத்திரிகை வரை போயின, ஆய்வகத்தில் ஆறு மாதத்துக்கு மேல் காத்திருக்கும் கருவிகள் எத்தனை என்ற மூன்று வரிகள் இடம்பெற வேண்டும். எந்தக் கட்சி உறுப்பினரானாலும் அவற்றைக் கேட்டு வாங்கலாம். கேட்பதற்கு ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை.